20 வருஷ "போலீஸ்" டூட்டி திடீரென முடிந்தது!

பாங்க் கேஷியர், வட்டு எறியும் வீரர், நாடகக்காரர் - டெலிவிஷன் துப்பறியும் நடிகர்களின் மறுபக்கம்

(நமது நிருபர்)

கும்மிடிப்பூண்டி:-

ராத்திரி ஷிப்டுக்குப் போகிறவர்களோடு கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறிப் பாருங்கள். மீஞ்சூர் தாண்டினால்தான் உட்கார இடம் கிடைக்கும். அங்கே ஒரே செல்போனைச் சுற்றி நாலு தலைகள் குனிந்திருக்கும்.

பீகார், ஒரிசா பக்கத்துப் பையன்கள். சிப்காட் இரும்பு ஆலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள். போனிலிருந்து ஒரு அதட்டல் குரல் வரும். அடுத்த நொடி மடார் என்று ஒரு கதவு பெயர்ந்து விழும். பையன்கள் கைதட்டிச் சிரிப்பார்கள். எதிர் சீட்டில் தூங்கிக் கொண்டிருக்கும் காய்கறிக்காரம்மா திடுக்கிட்டு எழுந்து, "இன்னாடா இது, தெனைக்கும் ஒரு கதவு ஒடைக்கிறீங்க!" என்று ஒரு சத்தம் போடுவார்.

அதுதான் "சி.ஐ.டி." இந்தி சீரியல். சோனி டெலிவிஷனில் 1998 ஜனவரி 21-ந் தேதி ஆரம்பித்தது. 2018 அக்டோபர் 27-ந் தேதி வரை ஓடியது. மொத்தம் 1,547 வாரக்கதைகள். அந்தப் பையன்களில் சிலர் அப்போது பிறக்கவே இல்லை. ஆனாலும் ஏ.சி.பி. பிரத்யுமன் விரலை ஆட்டினால் அடுத்து என்ன சொல்வார் என்று அவர்களுக்கு மனப்பாடம்.

திருவள்ளூர் கோர்ட்டுக்கும் போலீஸ் ஸ்டேஷன்களுக்கும் தினமும் அலைகிறவன் நான். நிஜ போலீசைப் பார்த்துப் பழகியவனுக்கு இந்த டெலிவிஷன் போலீசார் யார், எங்கிருந்து வந்தார்கள், வேஷம் கலைத்த பிறகு என்ன ஆனார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. விசாரித்தேன். விசாரித்த வரை, இது சினிமாக்காரர் கதை மாதிரி இல்லை. நம் ஆபீஸ், ஆலைக்காரர்கள் கதை மாதிரி இருக்கிறது.

கல்லாவில் இருந்தவர்!

ஏ.சி.பி. பிரத்யுமனாக நடித்தவர் சிவாஜி சாட்டம். 1950-ல் பிறந்த மராட்டிக்காரர். சென்ட்ரல் பாங்க் ஆப் இந்தியாவில் கேஷியர். ஆமாம், கல்லாப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து நோட்டு எண்ணினவர்!

பாங்குகளுக்குள் நடக்கும் நாடகப் போட்டியில் நடித்தார். அதைப் பார்த்துதான் மராத்தி மேடைக்கு அழைப்பு வந்தது. பிறகு தூர்தர்ஷனில் "ஏக் சூன்ய சூன்ய" என்ற மராத்தி போலீஸ் தொடர். ஒன்று, பூஜ்யம், பூஜ்யம். நூறு. போலீசைக் கூப்பிடும் நம்பர். அந்தத் தொடரை எடுத்த பி.பி.சிங்தான் பிற்பாடு "சி.ஐ.டி."யையும் எடுத்தார். பழைய ஆளையே கூப்பிட்டுத் தலைமைப் பொறுப்பைக் கொடுத்தார்.

சினிமாவிலும் சாட்டம் சாதாரண ஆள் இல்லை. 1999-ல் வந்த "வாஸ்தவ்" படத்தில் சஞ்சய் தத்துக்கு அப்பா. மகன் ரவுடியாவதைத் தடுக்க முடியாமல் தவிக்கிற முகம் அது. ஆனால் ஜனங்களுக்கு அதெல்லாம் ஞாபகமில்லை. தெருவில் பார்த்தால் ஏ.சி.பி. சார்தான்.

கதவை உடைக்கும் "தயா" யார் தெரியுமா? நம்ம தென்னாட்டு ஆள்! பெயர் தயானந்த் ஷெட்டி. உடுப்பி ஜில்லா பூர்வீகம். மகாராஷ்டிரா மாநில அளவில் வட்டு எறிதலில் சாம்பியன் பட்டம் வாங்கியவர். காலில் அடிபட்டதும் மைதானத்தை விட்டார். துளு நாடகங்களில் நடித்தார். அங்கிருந்து "சி.ஐ.டி."க்கு வந்தார். சொந்தப் பெயரிலேயே வேஷம். ஆகவே சீரியல் முடிந்தாலும் அவருக்குத் தப்பிக்க வழியில்லை. 2014-ல் "சிங்கம் ரிட்டர்ன்ஸ்" இந்திப் படத்தில் அஜய் தேவ்கனோடு நடிக்கக் கூப்பிட்டார்கள். என்ன வேஷம்? இன்ஸ்பெக்டர் தயா!

மூன்றாவது ஆள் ஆதித்ய ஸ்ரீவஸ்தவா. சீனியர் இன்ஸ்பெக்டர் அபிஜித். அலகாபாத் நாடகக்காரர். "பாண்டிட் குவீன்" படத்தில் பூலான்தேவியின் புருஷனாக வந்தார். "சத்யா"வில் (1998) போலீஸ் இன்ஸ்பெக்டர். "பிளாக் பிரைடே" படத்தில் பம்பாய் குண்டுவெடிப்பு வழக்கில் மாட்டிக்கொண்டு, போலீசுக்குப் பயந்து ஊர் ஊராய் ஓடுகிற ஆள். டெலிவிஷனில் துரத்துகிறவர், சினிமாவில் துரத்தப்படுகிறவர். இந்த மூன்று பேரில் இவர் ஒருத்தர்தான் சாமர்த்தியமாக இரண்டு வண்டியிலும் காலை வைத்துக்கொண்டார் என்று எனக்குப் படுகிறது.

ஒருத்தர் ஆரம்பத்திலேயே வண்டியை விட்டு இறங்கிவிட்டார். முதல் வருஷங்களில் இன்ஸ்பெக்டர் வீரேந்திராவாக வந்தவர் அசுதோஷ் கோவாரிகர். போலீஸ் உத்தியோகத்தை விட்டுவிட்டு டைரக்டர் ஆனார். 2001-ல் "லகான்" எடுத்தார். ஆஸ்கார் பரிசுப் போட்டி வரை போனது. கூட இருந்தவர்கள் இன்னும் 17 வருஷம் கதவை உடைத்துக் கொண்டிருந்தார்கள்.

பெண் இன்ஸ்பெக்டர்கள் கதை வேறு. ஆண்கள் ஒரே நாற்காலியில் 20 வருஷம் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வந்தார்கள், போனார்கள். அதிலும் டெலிவிஷன் நம் ஊர் ஆலை மாதிரியேதான்.

111 நிமிஷம் மூச்சு விடவில்லை

வேலை லேசுப்பட்டது இல்லை. 2004-ல் ஒரு தனிக் கதையை 111 நிமிஷம் காமிராவை நிறுத்தாமல் ஒரே மூச்சில் எடுத்தார்கள். ஒருத்தர் வசனம் தடுமாறினாலும் மறுபடி முதலிலிருந்து. கின்னஸ் புத்தகத்தில் ஏறியது.

நிஜ போலீஸ் வேலை எப்படி என்று நமக்குத் தெரியும். டெலிவிஷனில் டாக்டர் சாலுங்கே கலர் கலராய் தண்ணீரைக் குலுக்கி அரைமணியில் கொலையாளி யார் என்று சொல்லிவிடுவார். இங்கே சாம்பிளை சீல் வைத்து மயிலாப்பூர் தடய அறிவியல் ஆபீசுக்கு அனுப்பிவிட்டு இன்ஸ்பெக்டர்கள் வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கதவையும் உடைப்பதில்லை. உடைத்தால் வக்கீல் கேள்வி கேட்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் நிஜ போலீசுக்கும் நடிகருக்கும் ஒற்றுமை உண்டு. 90 நாள்! ஆயுள் தண்டனை, பத்து வருஷம் என்று போகிற பெரிய வழக்குகளில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், உள்ளே இருப்பவன் ஜாமீன் கேட்டு வெளியே வந்துவிடலாம். பம்பாய் டெலிவிஷன் உலகில் நடிகருக்கு, வேலை செய்து 90 நாள் கழித்துத்தான் கூலி என்பது வழக்கம். மூன்று மாசம் கடனில் சாப்பாடு. இதை ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் சொன்னேன்.

"நம்ம காண்டிராக்டர் தேவலாம் போலக்கீதே! ஒரு மாசந்தான் இழுத்தடிக்கிறான்" என்றார் கடைக்காரர்.

அவர் 19 வருஷம் ஆலையில் பர்னஸ் பக்கம் வேலை பார்த்தவர். ஆலை மூடிய பிறகு டீக்கடை போட்டார். எந்த ஆலை என்று எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

கேட் மூடிய நாள்

2018 அக்டோபரில் "சி.ஐ.டி." நிறுத்தப்பட்டது. கொஞ்ச நாள் ஓய்வு, மறுபடி வருவோம் என்று சொல்லப்பட்டது. சிப்காட்டில் "தற்காலிக லே-ஆப்" என்று நோட்டீஸ் ஒட்டுவார்களே, அந்தப் பாஷைதான். அந்தக் கொஞ்ச நாள் 6 வருஷமாகிவிட்டது.

நடுவில் கொரோனா வேறு.

2021-ல் சிவாஜி சாட்டம் பத்திரிகைக்காரர்களிடம் மனம் விட்டுப் பேசினார். வாய்ப்புகள் குவிகின்றன என்று நான் பொய் சொல்ல மாட்டேன், ஒன்றிரண்டு வருகிறது, அதுவும் பிடித்த மாதிரி இல்லை, வீட்டில் சும்மா உட்கார்ந்து அலுத்துவிட்டது என்கிற தோரணையில் சொன்னார். நாளைக்கே மறுபடி ஏ.சி.பி. வேஷம் கொடுத்தாலும் போடத் தயார், அது எனக்குச் சலிக்கவில்லை என்றும் சொன்னார். அப்போது அவருக்கு வயது 71.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. 20 வருஷம் ஒரு தேசமே வாய் பிளந்து பார்த்த மனுஷர். நடித்த வேஷம் சரியாக இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ரொம்பச் சரியாக இருந்ததுதான் தொல்லை. வேறு உடுப்பில் அவரை வைத்துப் பார்க்க ஒருத்தருக்கும் மனசு வரவில்லை.

டீக்கடைக்காரரிடம் சொன்னேன். டம்ளரைக் கழுவிக்கொண்டே கேட்டுக் கொண்டிருந்தார்.

"எனக்கும் அதான் தம்பி. பர்னஸ் ஆளுன்னா வேற கம்பெனில பர்னஸ் இருந்தாத்தான் கூப்புடுவான். பர்னஸ் இல்லாத கம்பெனில எனக்கு இன்னா வேல?"

நம்ம ஊர் சாம்பு

வடக்கே மட்டும்தான் இப்படியா? தமிழ் டெலிவிஷனைக் கொஞ்சம் திருப்பிப் பார்ப்போம்.

வயசானவர்களுக்கு "துப்பறியும் சாம்பு" ஞாபகம் இருக்கும். விகடனில் தேவன் எழுதிய கதை. சாம்புவும் பாங்க் குமாஸ்தாதான்! ஆபீசில் அசடு என்று பெயர் வாங்கினவர், தெரியாத்தனமாய் எதையோ செய்யப்போக, கேஸ் தானாகத் துலங்கும். டெலிவிஷனில் சாம்புவாக வந்தவர் காத்தாடி ராமமூர்த்தி. அந்த "காத்தாடி"யே ஒரு வேஷத்தின் பெயர்தான். சோவின் நாடகத்தில் அவர் போட்ட கார்ட்டூனிஸ்ட் பாத்திரம். வாழ்நாள் முழுக்க அது அவர் தலையில் கிரீடமாக உட்கார்ந்துவிட்டது. ஆனால் அவருக்கு சபா மேடை கையில் இருந்தது. டெலிவிஷன்காரன் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் சாயந்திரம் ஆனால் நாடகம் உண்டு. சாப்பாட்டுக்கு ஒரே கதவை நம்பி நிற்கவில்லை.

அடுத்த தலைமுறைக்கு "மர்மதேசம்". இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா டைரக்ட் செய்து, 1990-களின் பிற்பகுதியில் சன் டி.வி.யில் வந்தது. அதில் "விடாது கருப்பு" கதை வந்தபோது பொழுது சாய்ந்தால் பிள்ளைகள் கொல்லைப் பக்கம் போகமாட்டார்கள். கொலை செய்வது கருப்புசாமியா, மனுஷனா என்று திண்ணையெல்லாம் பட்டிமன்றம்.

அதில் நடித்த சேத்தனும் தேவதர்ஷினியும் பிறகு கல்யாணம் செய்துகொண்டார்கள். தேவதர்ஷினி சினிமாவில் காமெடிப் பக்கம் போய்ப் பெயர் வாங்கினார். சேத்தன் சீரியல் சீரியலாக உழைத்தார். 2023-ல் வெற்றிமாறனின் "விடுதலை" வந்தது. அதில் சேத்தன் ஈவிரக்கமில்லாத போலீஸ் அதிகாரி. தியேட்டரில் அவரைத் திட்டாத வாய் இல்லை. நடிகனுக்கு அதுதானே பதக்கம்! அந்தப் பதக்கத்துக்கு "மர்மதேசம்" காலத்திலிருந்து கணக்குப் போட்டால் சுமார் கால் நூற்றாண்டு.

அதே "விடாது கருப்பு"வில் சிறு பையனாக நடித்தவர் லோகேஷ் ராஜேந்திரன். அந்தக் கண்களை இன்றைக்கும் மறக்க முடியாது. 2022-ல், 34 வயதில், சென்னையில் இறந்துபோனார். கடைசி நாட்களில் அவர் நன்றாக வாழவில்லை. சாவுச் செய்தி எழுதுவது என் தொழில். இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

கிளார்க் கொலம்போ!

பாங்க் கேஷியர், பாங்க் குமாஸ்தா என்று பார்த்தோம். அமெரிக்காவிலும் அப்படி ஒருத்தர்! "கொலம்போ" என்ற துப்பறியும் தொடரில் நடித்த பீட்டர் பாக். மூன்று வயதிலேயே ஒரு கண்ணை எடுத்துவிட்டார்கள். கண்ணாடிக் கண். நடிக்க வருவதற்கு முன் கனெக்டிகட் மாநில அரசின் பட்ஜெட் ஆபீசில் உத்தியோகம். நிரந்தர வேலையை விட்டுவிட்டு நடிக்க வந்தார்.

1968-ல் முதல் படம். 2003-ல் கடைசி. 35 வருஷம் அதே கசங்கின மழைக்கோட்டு. அது கம்பெனி கொடுத்த உடுப்பு இல்லை, அவருடைய சொந்தக் கோட்டு.

கடைசிக் காலத்தில் மறதி நோய் வந்தது. 2009-ல் அவரைப் பராமரிப்பது யார் என்று கோர்ட்டில் வழக்கு. சாட்சிக் கூண்டில் டாக்டர் சொன்னார்:- தான் கொலம்போவாக நடித்ததே இப்போது இவருக்கு ஞாபகமில்லை!

உலகத்தில் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. நடித்தவருக்கு இல்லை. 2011-ல் 83 வயதில் காலமானார்.

செத்தது யார்?

"சி.ஐ.டி." ஆட்களிடம் திரும்புவோம்.

2024 டிசம்பர் 21-ந் தேதி ஆலை மறுபடி திறந்தது. அதே சோனி, அதே சாட்டம், அதே தயா, அதே அபிஜித். கொஞ்ச நாளில் நெட்பிளிக்சிலும் வந்தது.

2025 ஏப்ரலில்தான் ரகளை! கதைப்படி வெடிகுண்டில் ஏ.சி.பி. பிரத்யுமன் இறந்துபோகிறார். டெலிவிஷன் கம்பெனி சும்மா இருந்திருக்கலாம். ஏ.சி.பி. பிரத்யுமன், 1998 - 2025 என்று கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி படம் போட்டு விட்டார்கள். ஜனங்கள் பதறிவிட்டார்கள். நடிகரே போய்விட்டார் என்று நினைத்தவர்களும் உண்டு.

நம்ம ரெயில் பையன்களில் ஒரிசாக்காரன் ஒருத்தன் அதைச் சொன்னான். ஆறு வருஷமாய் இங்கே இருப்பதால் தமிழ் ஓரளவு வருகிறது.

"அன்னிக்கி நான் டூட்டிலே இருக்கு அண்ணா. ஊர்லேர்ந்து அம்மா போன் பண்ணி அழுவுது. ஏ.சி.பி. செத்துப் போச்சு, ஏ.சி.பி. செத்துப் போச்சுன்னு. நான் சொல்லுது, அம்மா அது நாடகம். அம்மா கேக்கல."

நாடகம்தான். ரசிகர்கள் போட்ட கூச்சலுக்குப் பிறகு கொஞ்ச நாளிலேயே ஏ.சி.பி. உயிரோடு திரும்பி வந்தார்.

ஆனால் புதிய தொடரில் திரும்பி வராத ஒருத்தர் உண்டு. இன்ஸ்பெக்டர் பிரெட்ரிக்ஸ். கும்பலில் சிரிப்பு மூட்டுகிறவர். பேயென்றால் பயம், பெண்டாட்டி என்றால் அதைவிடப் பயம். நடித்தவர் தினேஷ் பட்னிஸ். வெறும் சிரிப்பு நடிகர் மட்டும் இல்லை, அந்த சீரியலுக்கே சில கதைகள் எழுதிக் கொடுத்திருக்கிறார். "சர்பரோஷ்" படத்திலும் சின்ன வேஷம் உண்டு.

2023 டிசம்பர் ஆரம்பத்தில் அவர் மாரடைப்பில் ஆஸ்பத்திரியில் கிடப்பதாக நியூஸ் பரவியது. மாரடைப்பு இல்லை, ஈரல் கெட்டுவிட்டது என்று பத்திரிகைகளுக்கு விளக்கம் சொன்னவர் யார்? தயானந்த் ஷெட்டி. டிசம்பர் 5-ந் தேதி நடுராத்திரி தாண்டி பம்பாய் காந்திவலி ஆஸ்பத்திரியில் பிரெட்ரிக்ஸ் இறந்தார். வயது 57. மறுபடி கூப்பிடுவார்கள் என்று காத்திருந்த ஆறு வருஷத்தில், ஐந்து வருஷம்தான் அவருக்குக் கிடைத்தது.

கூட நடித்தவர்கள் இறுதிச் சடங்குக்குப் போனார்கள். அங்கே கதவு எதையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை.

அன்று ராத்திரி லோக்கலில் திரும்ப அதே பையன்கள். இந்தத் தடவை பழைய கதை ஒன்று ஓடிக் கொண்டிருந்தது. பாழடைந்த பங்களாவுக்குள் டார்ச் விளக்கோடு பிரெட்ரிக்ஸ் நடுங்கிக்கொண்டே போகிறார். பின்னால் ஏதோ சத்தம். டார்ச் கீழே விழுகிறது. பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இவர் இப்போது இல்லை, தெரியுமா?" என்று கேட்டேன்.

ஒரிசாக்காரன் தலையாட்டினான். "தெரியும் அண்ணா."

கவரைப்பேட்டை தாண்டியது. போனை அணைக்கவில்லை. கும்மிடிப்பூண்டி வந்ததும் சத்தத்தை மட்டும் குறைத்து, திரையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடினான். பத்து மணி ஷிப்டுக்கு இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது.